வாங்குமுன் கேளுங்கள்: பிள்ளைகள் கடை போடும் கிராஃபிக் நாவல்கள்

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் மகள், சிநேகிதிகள் சேர்ந்து கடை நடத்துகிற மாதிரியான கிராஃபிக் நாவல் கேட்கிறாள். தமிழில் கிடைக்குமா? ஆங்கிலத்தில் என்றால் எதைப் பார்த்து வாங்குவது? – வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

கிராஃபிக் நாவல் என்பது ஒரு முழுக் கதையைக் காமிக்ஸாகவே சொல்லும் புத்தகம். தமிழ் காமிக்ஸ் என்றாலே சிவகாசிதான். 1972-ல் முத்து காமிக்ஸும் 1984-ல் லயன் காமிக்ஸும் அங்கிருந்துதான் வரத் தொடங்கின. ஆனால் அவற்றில் பெரும்பகுதி கௌபாய், துப்பறியும் கதைகள். நீங்கள் கேட்கும் வகைக்கு ஆங்கிலப் பக்கம் போவதே நடைமுறை.

முதலில் எழுத்தைக் கவனியுங்கள். ஆங்கில காமிக்ஸில் பேச்சு பலூன்கள் பெரும்பாலும் முழுக்கப் பெரிய எழுத்திலேயே இருக்கும். சின்ன எழுத்தில் வாசித்துப் பழகிய பிள்ளை, கதை புரியாமல் இல்லை, எழுத்து பிடிபடாமல்தான் நாலாம் பக்கத்தில் மூடி வைக்கிறது. இணையத்தில் உள்ள மாதிரிப் பக்கங்களைத் திறந்து, இரண்டு பக்கத்தை மகளையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டத்துக்கு இரண்டு மூன்று பலூன் என்றால் அவள் வயதுக்குச் சரி. அதற்கு மேல் நெருக்கியடித்திருந்தால் இரண்டு வருடம் கழித்து வாங்கலாம். ஜப்பானிய மாங்காவாக இருந்தால் பின்னட்டையிலிருந்து, வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். தலைகீழாக பைண்டிங் செய்துவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

அடுத்தது கணக்கு. இந்த வகைப் புத்தகத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. கதையில் பிள்ளைகள் எலுமிச்சை ஜூஸ் கடை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழம் 100 ரூபாய், சர்க்கரை 30, கப் 50, ஆக முதல் 180. 15 ரூபாய் வீதம் 20 கப் விற்றால் கைக்கு வருவது 300. லாபம் 120-தான். கதை அந்த 300-ஐயே லாபம் என்று கொண்டாடினால் வாங்க வேண்டாம். பிள்ளை மனதில் அதுவே பதிந்துவிடும். அந்த 120-ஐ எப்படிப் பிரித்துக்கொள்கிறார்கள் என்பதையும் பாருங்கள். முதல் போட்டவளுக்கு அதிகமா, வெயிலில் நின்று விற்றவளுக்கு அதிகமா? சிநேகிதத்தில் விரிசல் விழுவது இந்த இடத்தில்தான். சண்டையை நாலைந்து பக்கமாவது நின்று சொல்லி, யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று காட்டும் புத்தகத்துக்குக் காசு கொடுக்கலாம். ஒரு கட்டத்தில் முறைப்பு, அடுத்த கட்டத்தில் கட்டிப்பிடிப்பு என்று முடித்தால் அது வெறும் படப் புத்தகம்.

விலை விஷயத்தில், இறக்குமதிப் புத்தகத்தின் பின்னட்டையில் டாலரிலோ பவுண்டிலோதான் விலை இருக்கும். கடைக்காரர் மாற்றிப் போடும் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். அதனால் ஐ.எஸ்.பி.என். எண்ணை, அதாவது ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் அடையாள எண்ணை, இணையத்தில் தட்டச்சு செய்து, ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று இடத்தில் விலை பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பேபி-சிட்டர்ஸ் கிளப் கிராஃபிக் நாவல் என்று நினைத்து ஆன்லைனில் வாங்கினேன். வந்தது படமே இல்லாத சாதாரண நாவல். ‘அதே புத்தகம்தானே’ என்று விற்பனையாளர் திரும்ப எடுக்க மறுக்கிறார். – வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சிநேகிதிகள் சேர்ந்து தொழிலாக நடத்தும் ஆங்கிலக் கதைத் தொடர் இது. இதில் இப்படி ஏமாறுவது எளிது. நாவல் வரிசை 1986-ல் தொடங்கியது. அதே தலைப்புகளில் கிராஃபிக் நாவல்கள் 2006 முதல் வந்தன. முதலில் கறுப்பு வெள்ளை, 2015 முதல் வண்ணம். பழைய பிரதி வாங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தலைப்பு ஒன்றாக இருந்தாலும் ஐ.எஸ்.பி.என். ஒன்றாக இருக்காது. கெட்டி அட்டை, மெல்லிய அட்டை, கிராஃபிக் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தனி எண்.

விற்பனைப் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் உங்கள் கையில் உள்ள புத்தகத்தின் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்து, பக்கத்தில் கிராஃபிக் நாவல் என்ற பேச்சே இல்லையென்றால் உங்கள் வாதத்துக்கு வலுக் குறைவு. அந்தத் தளத்தின் சாதாரணத் திருப்பி அனுப்பும் வசதியை மட்டுமே நம்பலாம். எண் வேறாக இருந்தாலோ, கிராஃபிக் நாவல் என்று விவரித்திருந்தாலோ, 2020-ன் மின்வணிக விதிகளின்படி விவரித்ததற்கு மாறான பொருளைத் திரும்ப எடுக்க மறுக்க முடியாது. பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கே மாற்றிவிடக் கூடும். பார்சல் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டையும் பில்லையும் எறியாதீர்கள். தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையம். விற்பனையாளர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் புதுச்சேரியிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

காமிக்ஸ் புத்தகத்துக்குக் கடையில் ஜி.எஸ்.டி. சேர்த்து பில் போட்டார்கள். சரியா? – வாசகர், நெல்லிக்குப்பம்

இல்லை. அச்சிட்ட புத்தகத்துக்கும் குழந்தைகள் படப் புத்தகத்துக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது. பில்லைக் காட்டித் திரும்பக் கேளுங்கள். கூட வாங்கிய பேனா, புத்தகப் பை போன்றவற்றுக்கு வரி உண்டு, அதைக் கலந்து பார்க்காதீர்கள். மின்நூலுக்கும் வரி உண்டு.

ஐப்பசி மழையில் பிள்ளையின் வண்ண காமிக்ஸ் நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கொண்டன. காப்பாற்ற முடியுமா? – வாசகி, கடலூர் முதுநகர்

காய்ந்துவிட்டதா, ஈரமாக இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பளபளப்பான ஆர்ட் பேப்பரின் மேல் வெள்ளைக் களிமண் பூச்சு இருக்கும். அதில் கலந்துள்ள பசை நனைந்தால் இளகி, காயும்போது பக்கத்தைப் பக்கத்தோடு பிடித்துக்கொள்ளும். காய்ந்து ஒட்டியதைப் பிரித்தால் மையும் சேர்ந்து உரியும், அதற்கு வழியில்லை.

ஈரமாக இருந்தால் உடனே ஒவ்வொரு பக்கத்துக்கு நடுவிலும் பட்டர் பேப்பர் வைத்து, புத்தகத்தை விசிறி போல விரித்து ஃபேன் காற்றில் நிறுத்துங்கள். பேப்பரை அடிக்கடி மாற்றுங்கள். வெயிலும் அயர்ன் பாக்ஸும் வேண்டாம், தாள் நெளிந்துவிடும். இப்போது நேரமில்லையா? பிளாஸ்டிக் கவரில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்திருக்கும் வரை ஒட்டாது, பிறகு எடுத்து மேலே சொன்னபடி செய்யலாம்.

இனி வாங்கும்போது தாளை ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மின்னாத தாள் நம் கடலோர ஈரத்துக்கு நல்லது. முதுகையும் மேலிருந்து பாருங்கள். மடித்த தாள்கட்டுகளை நூலால் தைத்திருந்தால் நாள்படும். வெறும் கம்மில் நிற்பது, பிள்ளைகள் அகல விரித்து வாசிப்பதில் நடுப்பக்கத்திலிருந்து கழன்று வரும்.