சக்கர நாற்காலியில் வரும் தந்தையுடன் மேஜிக் கிங்டமில் இரவுப் பொழுது

வணக்கம். பக்கவாதத்திற்குப் பின் சக்கர நாற்காலியில் இருக்கும் தங்கள் தந்தையாருக்கு ஃப்ளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவான மேஜிக் கிங்டமில் இரவு வாணவேடிக்கையைக் காட்ட முடியுமா, திரும்பும் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகக் காட்டலாம்.

இதே நிலையிலுள்ள என் அம்மாவை அழைத்துச் சென்றபோது, பூங்கா நுழைவாயிலை ஒட்டிய கடைத்தெருவான மெயின் ஸ்ட்ரீட்டில் பதித்துள்ள குதிரை வண்டித் தண்டவாளத்தில் நாற்காலியின் சிறிய முன்சக்கரம் சிக்கி, அவர் முன்னால் சாய்ந்துவிட்டார். மங்கிய வெளிச்சத்தில் அந்தப் பள்ளம் என் கண்ணில் படவே இல்லை. ஆகவே தண்டவாளத்தை எப்போதும் நேர்குறுக்காகவே கடந்து செல்லுங்கள். நாற்காலியைத் திருப்பிப் பின்பக்கமாக இழுத்துக் கடப்பது இன்னும் நல்லது.

வாணவேடிக்கை தொடங்கியதும் முன்னால் நிற்பவர்கள் குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொள்வார்கள். உட்கார்ந்திருப்பவருக்கு முதுகுகள்தான் தெரியும். எந்த இடத்தில் மறைக்காது என்று ஊழியர்களிடம் மாலையிலேயே கேட்டுவிடுங்கள். வரிசையில் நிற்காமல் செல்லும் சலுகை 2024 முதல் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கே உரியது என்பதால் அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

முடிந்தவுடன் கிளம்பாதீர்கள். பூங்கா மூடிய பின்னும் மெயின் ஸ்ட்ரீட் கடைகள் சற்று நேரம் திறந்திருக்கும். கூட்டம் கரையும் வரை அப்பாவை அங்கே இளைப்பாறச் செய்துவிட்டு, பிறகு வாகன நிறுத்தத்திற்குப் படகில் செல்லுங்கள். கீழ்த்தளத்தில் நாற்காலியோடே ஏறிக்கொள்ளலாம்.