பலூன் வளைவும் உள் அறையும்

கேள்வி: என் மகனுக்கு அடுத்த மாதம் 5 வயது நிறைகிறது. வீட்டிலேயே கொண்டாடுகிறோம். போன வருடம் கேக் மேஜைக்குப் பின்னால் நானே பலூன் வளைவு கட்டினேன். விருந்தினர் வருவதற்குள் ஒரு பக்கம் சரிந்துவிட்டது. பத்துப் பதினைந்து பலூன்கள் தாமாகவே வெடித்தன. டேப்பைப் பிரித்தபோது சுவரில் பெயிண்டும் சேர்ந்து வந்துவிட்டது. இந்த முறை 150 பலூன் வாங்கி இன்னும் பெரிதாகக் கட்ட ஆசை. போட்டோ நன்றாக வர வேண்டும் என்று கணவர் சொல்கிறார். (பலூன் வெடித்தால் மகன் பயப்படுவான். போன முறை கேக் வெட்டும்வரை பாட்டியோடு உள் அறையில் இருந்தான், அதனால் பிரச்சினை இல்லை.) தவழுகிற 10 மாதப் பெண் குழந்தையும் இருக்கிறாள். வளைவு சரியாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? – ஒரு வாசகி

பதில்: வளைவு ஏன் சரிகிறது, டேப் ஏன் பெயிண்டைப் பிடுங்குகிறது என்ற கேள்விகள் இந்தப் பகுதிக்கு ஓயாமல் வருகின்றன. இரண்டுக்கும் பதில் உண்டு, கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால், நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டுக் கடந்துபோன வரியைப் பற்றிப் பேச வேண்டும்.

"அதனால் பிரச்சினை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்குப் பிரச்சினை இல்லை? வந்தவர்களுக்கு இல்லை. போட்டோ எடுத்தவருக்கு இல்லை. தன் பிறந்தநாளில், தன் வீட்டுக் கூடத்துக்குள் வரப் பயந்து கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கும் இல்லையா? பேரன் விழாவைப் பார்க்கக் காத்திருந்து, கடைசியில் அவனுக்குக் காவலாக அறைக்குள் இருந்த பாட்டிக்கும் இல்லையா? அந்தக் கூடத்தை நீங்கள் அலங்கரித்ததே அவனுக்காகத்தான். அவனால் நிற்க முடியாத இடமாக அதை ஆக்கிவிட்டு, அவனை உள்ளே அனுப்பிவிட்டீர்கள். இப்போது அதையே 150 பலூனோடு திரும்பச் செய்யப் போகிறீர்கள். அலங்காரத்துக்காகப் பிள்ளையை நகர்த்துவதை எந்தக் காரணம் சொன்னாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. பிள்ளைக்காக அலங்காரம்தான் நகர வேண்டும்.

பலூன் சத்தத்துக்கெல்லாம் பயமா என்று வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் இந்தச் சத்தத்தை அளந்திருக்கிறார்கள். அளவுக்கு மீறி ஊதியதால் வெடித்த பலூனில் அது 168 டெசிபல்வரை போயிற்று. குழந்தைகளின் காதில் விழும் திடீர் ஒலி 120 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. உங்கள் மகன் காதைப் பொத்திக்கொண்டு ஓடியது கோழைத்தனம் இல்லை. பழகட்டும் என்று அவன் எதிரில் யாரும் பலூனைக் குத்தி உடைக்க நீங்கள் விடக் கூடாது. இடி, கைதட்டல், ஆம்புலன்ஸ் ஒலி என்று எல்லாவற்றுக்கும் இதே அளவு நடுங்குகிறான் என்றால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை சொல்லுங்கள்.

இனி, வளைவு ஏன் சரிந்தது என்பது. 12 அங்குலப் பலூன் ஒன்று சுமார் 3 கிராம். 150 பலூன் சேர்ந்தாலும் அரைக் கிலோதான் வரும். ஆகவே எடையால் சரியவில்லை. பலூன் கூட்டம் கப்பல் பாய் மாதிரி காற்றை வாங்கும். ஃபேன் சுற்றும்போதும், ஆட்கள் கடக்கும்போதும் அது ஆட, ஒவ்வொரு ஆட்டமும் டேப்பின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உரிக்கும். ஓர் ஓரம் விட்டால் அடுத்த டேப்பின் மேல் சுமை ஏறி வரிசையாக எல்லாம் விடும். வளைவைச் சுவரில் டேப்பால் ஒட்டக் கூடாது. ஏற்கெனவே இருக்கும் ஆணி, கதவு நிலை, திரைக்கம்பி இவற்றிலிருந்து மீன்பிடி நரம்பால் 60 செ.மீ.க்கு ஒரு கட்டு போட வேண்டும். பலூன்களை இரண்டிரண்டாக முடிந்து, இரண்டு ஜோடியைக் குறுக்காக முறுக்கி நான்கு பலூன் கொத்தாக்கினால், 3 மீட்டர் நீளத்துக்கு 15 முதல் 20 கொத்து போதும். அதாவது 60 முதல் 80 பலூன். நீங்கள் சொன்ன 150 எப்படிப் பார்த்தாலும் அதிகம்.

அவை வெடித்ததற்குக் காரணம், முழு அளவுக்கு ஊதியது. 12 அங்குலப் பலூனை 10 அங்குலத்தோடு, அதாவது 25 செ.மீ.யோடு நிறுத்த வேண்டும். அட்டையில் 25 செ.மீ. விட்டத்துக்கு ஒரு வட்டம் வெட்டி, ஊதிய பலூனை அதற்குள் நுழைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே அளவில் வரும். கழுத்துப் பக்கம் பேரிக்காய் போல நீண்டிருந்தால் காற்று அதிகம். காலைக் குளிர்ச்சியில் இறுக ஊதியது மதிய வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து வெடிக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டு ரப்பரின் மேற்பரப்பு பளபளப்பு போய் மங்கினால் அது வலுவிழக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சொரசொரப்பான சுவர், சூடான பல்பு இரண்டும் மீதி வேலையைச் செய்துவிடும்.

இத்தனையும் சரியாகச் செய்தால் வளைவு நிற்கும். ஆனாலும் உங்கள் வீட்டில் அது வேண்டாம். 60 பலூனில் ஒன்றுகூட வெடிக்காது என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. எப்போது வெடிக்குமோ என்று அண்ணாந்து பார்த்தபடியே அவன் மெழுகுவர்த்தி ஊத வேண்டியிருக்கும்.

உங்கள் பெண் குழந்தைக்கோ அது உயிராபத்து. ஊதாத பலூனும் வெடித்த பலூனின் துண்டும் சின்னக் குழந்தையின் தொண்டையில் படிந்து மூச்சை அடைத்துவிடும். மெல்லிய ரப்பர், தொண்டையின் வடிவத்துக்கே ஒட்டிக்கொள்வதால் இருமியும் வெளியே வராது. 8 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து உண்டு என்று பலூன் பொட்டலங்களிலேயே எச்சரிக்கை அச்சடிக்கிறார்கள். 10 மாதக் குழந்தை தரையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும். போன வருடம் வெடித்த பதினைந்தின் துண்டுகளும் அப்படித் தரையில்தானே விழுந்திருக்கும்?

காகிதத்தில் செய்யுங்கள். காகிதம் வெடிக்காது. இரண்டு வாரம் முன்பே செய்து வைக்கலாம். எல்லாவற்றையும்விட, அவனே செய்யலாம். இன்றைக்கே அவனை உட்கார வைத்து, கூடம் எப்படி இருக்க வேண்டும், எந்த இரண்டு நிறம் வேண்டும் என்று கேளுங்கள். அவன் சொல்லும் நிறம் உங்கள் திரைச்சீலைக்குப் பொருந்தாவிட்டாலும் அதுதான் நிறம்.

மேஜைக்குப் பின்னால் வளைவு இருந்த இடத்தில் ஒரே நிறத்தில் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டுங்கள். நன்றாக இஸ்திரி போட்டது வேண்டும், மடிப்புக் கோடுகள் போட்டோவில் பளிச்சென்று தெரியும். திரைக்கம்பியிலோ, இரண்டு ஆணிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டிய கயிற்றிலோ துணிக் கிளிப்பால் மாட்டலாம். கயிற்றின் நுனி குழந்தைகளின் கைக்கெட்டும்படி தொங்கக் கூடாது.

அதன்மேல் காகித விசிறி வட்டங்கள். பலர் ஒரே ஒரு ஏ4 தாளை மடித்துவிட்டு, வட்டம் கடைசியில் மூடவில்லை என்று சலித்துப்போவார்கள். கணக்கு இதுதான். ஏ4 தாளை 21 செ.மீ. பக்கத்துக்கு இணையாகக் கொசுவி நடுவில் கட்டினால் ஆரம் 10.5 செ.மீ. அந்த வட்டத்தின் சுற்றளவு 66 செ.மீ. தாளின் இரண்டு பாதியும் சேர்ந்து தருவது 59.4 செ.மீ.தான். இடைவெளி விழாமல் இருக்க வழியே இல்லை. அதனால் இரண்டு தாள்களை 21 செ.மீ. ஓரத்தில் சேர்த்து ஒட்டி, ஒன்றரை செ.மீ. அகலக் கொசுவமாக முன்னும் பின்னும் மடியுங்கள். ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தித் தேய்க்க வேண்டும். தேய்க்காவிட்டால் விரித்ததும் உப்பிக்கொண்டு நிற்கும். நடுவில் நூலால் இறுகக் கட்டி, இரண்டு பக்கமும் விரித்து ஓரங்களை ஒட்டினால் 21 செ.மீ. வட்டம் ஒன்று முடிந்தது. தாளைப் பாதியாக வெட்டிச் செய்தால் சின்ன வட்டம். பெரிது ஏழு, சின்னது ஐந்து இருந்தால் இரண்டு மீட்டர் துணிக்கு நிறைவாக இருக்கும்.

மகனுக்கு ஏற்ற வேலை வளையச் சங்கிலி. ஏ4 தாளைக் குறுக்கே 3 செ.மீ. பட்டைகளாக வெட்டினால் 21 செ.மீ. நீளத்தில் 9 பட்டை கிடைக்கும். நுனியில் ஒன்றரை செ.மீ. ஏற்றி ஒட்டினால் சுமார் 6 செ.மீ. விட்டத்தில் ஒரு வளையம். 3 மீட்டர் சுவரில் அழகாகத் தொய்ந்து தொங்க மூன்றரை மீட்டர் வேண்டும். அதற்கு 60 வளையம், 7 தாள். சாதாரண 80 ஜிஎஸ்எம் தாளே நல்லது. தடித்த அட்டை பசை காய்வதற்குள் விரிந்துகொள்ளும். தண்ணீர்ப் பசை தாளைச் சுருக்கிவிடும், அதனால் க்ளூ ஸ்டிக் வையுங்கள். ஒட்டியதும் பத்து எண்ணும்வரை விரலால் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள், அவனுக்கு அந்த எண்ணிக்கையே விளையாட்டாக இருக்கும். ஸ்டேப்ளர் மட்டும் வேண்டாம். பின் உதிர்ந்தால் தவழுகிறவள்தான் முதலில் கண்டெடுப்பாள். பட்டைகளை நீங்கள் வெட்டிக் கொடுங்கள். ஒட்டுவதைப் பாட்டியும் பேரனும் பார்த்துக்கொள்ளட்டும். தினமும் சாயங்காலம் பத்து வளையம் வீதம் ஆறு நாள். சில வளையம் கோணலாகத்தான் வரும், அதைப் பிரித்து நீங்கள் திருத்தி ஒட்டினால் அடுத்த நாள் அவன் பக்கத்தில் வர மாட்டான்.

மாட்டுகிற வேலை உங்கள் கணவருடையது. போட்டோ நன்றாக வர வேண்டும் என்று சொல்பவர் ஏணியில் ஏறவும் வேண்டும். பிள்ளையின் விழாவில் கேமராவைப் பிடிப்பதோடு தகப்பன் கடமை முடிந்துவிடாது. அவருக்கான குறிப்புகள்: பெயிண்ட் அடித்து ஒரு மாதம் ஆகாத சுவரில் எதையும் ஒட்டக் கூடாது. சுவரின் தூசியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு, சாதாரண டேப்புக்குப் பதில் பெயிண்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பை ஒட்ட வேண்டும். விழா முடிந்த அன்றே அதை எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது வெளியே இழுக்காமல், டேப்பைத் தன்மேலேயே மடக்கிச் சுவரோடு ஒட்டினாற்போல மெதுவாக உரித்தால் பெயிண்ட் வராது. எல்லாம் மாட்டிய பிறகு ஃபேனை முழு வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். ஃபேனின் இறக்கைக்கு அருகில் எந்த நூலும் தொங்கக் கூடாது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு மீட்டரை ஒட்டித்தான் உயரம் இருக்கும். ஆகவே அலங்காரத்தின் பெரும் பகுதி தரையிலிருந்து முக்கால் மீட்டருக்கும் ஒன்றரை மீட்டருக்கும் நடுவே வரட்டும். தலைக்கு மேலேயே எல்லாம் இருந்தால் போட்டோவில் அவன் அடியில் தனியாக நிற்பான்.

நெருப்பு விஷயத்தில் என்னிடம் சமரசமே கிடையாது. மெழுகுவர்த்திக்கும் காகிதத்துக்கும் குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி இருக்கட்டும், மேஜையைத் துணியிலிருந்து அவ்வளவு முன்னால் இழுத்துப் போடுங்கள். கேக் வெட்டும்போது ஸ்பிரே நுரை அடிக்க ஒருவரையும் விடாதீர்கள். அதில் பல எரியக்கூடிய வாயுவால் பீய்ச்சப்படுகின்றன. மெழுகுவர்த்தி எரியும்போது அடித்தால் குழந்தையின் முகத்திலேயே தீப்பிடிக்கும். பட்டன் பேட்டரி போட்ட மினுமினுப்பு விளக்குகளும் வேண்டாம். விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்.

அழைக்கும்போதே எல்லோருக்கும் ஒரு வரி சொல்லிவிடுங்கள்: பலூன், பாப்பர், ஊதல் எதுவும் கொண்டுவர வேண்டாம். காரணம் கேட்டால், எங்கள் பையனுக்குச் சத்தம் ஆகாது என்று நேராகச் சொல்லுங்கள், இதில் மறைக்க ஒன்றும் இல்லை. மீறி யாராவது பலூனோடு வந்தால் வாசலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். முடிச்சுக்குக் கொஞ்சம் கீழே கழுத்தை விரலால் இறுகப் பிடித்து, விரலுக்கும் முடிச்சுக்கும் நடுவே கத்தரியால் சின்னதாக வெட்டிவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் காற்று சத்தமில்லாமல் இறங்கும். ரப்பரை உடனே மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

விழாவுக்கு முந்தின நாள் மாலை, கூடம் தயாரானதும் அவனைக் கூட்டிவந்து காட்டுங்கள். கடைசி வளையத்தை மட்டும் ஒட்டாமல் வைத்திருந்து அவன் கையில் கொடுங்கள், அப்பா தூக்கிப் பிடிக்க அவனே ஒட்டட்டும். மறுநாள் பாட்டியின் நாற்காலி கேக் மேஜைக்குப் பக்கத்தில், முதல் வரிசையில் இருக்க வேண்டும்.