மகளை ‘ஏஐ மொழி முகாமு’க்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிறாள். எந்த மொழி காதில் விழுந்தாலும் அதில் ஏதாவது ஒழுங்கு கண்டுபிடித்துச் சொல்வாள். பள்ளி வழியாக ஒருவர் வந்து, மொழியியலும் ஏஐயும் சேர்த்துக் கற்றுத்தரும் பத்து நாள் கோடை முகாம் என்று 18,000 ரூபாய் கேட்கிறார். சர்வதேசச் சான்றிதழ் தருவார்களாம், பின்னால் ஐஐஐடி என்ற தகவல் தொழில்நுட்பக் கல்லூரியில் சீட்டுக்கு உதவுமாம். 3,000 முன்பணம் கட்டிவிட்டேன். அவளுக்கு கோடிங் தெரியாது, வீட்டில் கம்ப்யூட்டரும் இல்லை. அனுப்பலாமா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: கோடிங் தெரியாததும் கம்ப்யூட்டர் இல்லாததும் ஒரு குறையே இல்லை. அந்தக் கவலையை முதலில் விடுங்கள். மொழி எப்படி அமைகிறது, எப்படி இயங்குகிறது என்று ஆராய்வதுதான் மொழியியல். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தர ஒரு கரும்பலகையும் பொறுமையான ஆசிரியரும் போதும்.

நல்ல முகாமில் முதல் மணி நேரம் இப்படிப் போகும். பலகையில் கல், பக்கம், பங்கு, பகல் என்று எழுதிப்போட்டு, தொண்டையில் விரலை வைத்துக்கொண்டு சொல்லிப்பார்க்கச் சொல்வார்கள். எல்லாவற்றிலும் ‘க’தான். ஆனால் ‘பங்கு’ என்னும்போது வரும் அதிர்வு ‘பக்கம்’ என்னும்போது இல்லை. ‘பகல்’ என்பதில் கிட்டத்தட்ட ‘ஹ’ போலவே இழைகிறது. எந்த இடத்தில் எது வரும் என்று பிள்ளைகளே விதி கண்டுபிடிப்பார்கள். கண்டுபிடித்து முடிப்பதற்குள் ஒருத்தி எழுந்து, “அப்போ கோபம்? கங்கை?” என்பாள். அங்கேதான் வகுப்பு சூடு பிடிக்கும். எழுத்தைப் பார்த்துப் படித்துக்காட்டும் செயலிக்கும் இதே தலைவலிதான்: விதியும் வேண்டும், விதிக்கு அடங்காத சொற்களின் பட்டியலும் வேண்டும். மொழித் தொழில்நுட்பம் என்பது இங்கிருந்து தொடங்குகிறது.

எழுத்துகளின் பிறப்பு நம் எட்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலேயே இருக்கிறது. எத்தனை வகுப்பில் தொண்டையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருப்பார்கள்? மனப்பாடம், இரண்டு மதிப்பெண், அடுத்த பாடம். மாநிலத்தில் மொழியியல் துறைகள் இருக்கின்றன, மே மாதம் பூட்டிக் கிடக்கும் வகுப்பறைகள் இருக்கின்றன, பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூன்றையும் சேர்த்துவைக்க ஆள் இல்லாததால்தான் பள்ளி வாசலில் கமிஷன்காரர் நிற்கிறார்.

அந்தக் கமிஷன்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். ‘தொழில்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து? நமக்கு மூன்று. கம்ப்யூட்டரை எண்ணச் சொன்னால் ஆறு என்னும். கம்ப்யூட்டர் எழுத்துகளைச் சேமிக்கும் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் ‘தொ’ என்பது த தனி, கொம்பும் காலும் சேர்ந்த குறி தனி. அதேபோல் ‘ழி’ இரண்டு, ‘ல்’ இரண்டு. இதைச் சொல்லத் தெரிந்தவர் பாடம் எடுக்கிறாரா என்று கேளுங்கள். அவருக்கே தெரியாவிட்டால் பரவாயில்லை, அவர் விற்பவர்தான். பாடம் எடுப்பவரின் பெயரும் படிப்பும் சொல்ல மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

சான்றிதழ் விஷயம். முகாம் சான்றிதழால் எந்தக் கல்லூரியிலும் சீட்டு கிடைக்காது. அதில் எத்தனை நாட்டுக் கொடி அச்சடித்திருந்தாலும் சரி.

விலக்கு ஒன்று உண்டு. அதைக் காட்டித்தான் இவர்கள் விற்கிறார்கள் என்பதால் விவரமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளி மாணவர்களுக்கான உலக மொழியியல் ஒலிம்பியாட் என்ற போட்டி 2003-இல் பல்கேரியாவில் தொடங்கியது. 2016-இல் நம் மைசூரிலேயே நடந்தது. இந்திய அணியைத் தேர்ந்தெடுப்பது பாணினி மொழியியல் ஒலிம்பியாட். அதில் தேர்வு எழுதித் தேறியவர்களை மட்டும் பயிற்சி முகாமுக்கு அழைப்பார்கள். ஹைதராபாத் ஐஐஐடியில் ஒலிம்பியாட் வழி என்று ஒரு தனிச் சேர்க்கை உண்டு. அந்தப் பயிற்சி முகாம் வரை போனவர்கள் அதில் விண்ணப்பிக்கலாம். கவனியுங்கள், விண்ணப்பிக்கலாம். அதற்கும் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதப் பிரிவு வேண்டும், நேர்காணல் உண்டு, விதிகளை ஆண்டுக்கு ஆண்டு மாற்றுவார்கள். இது அந்த ஒரு நிறுவனத்தின் கதை. அந்த முகாமுக்குத் தேர்வு எழுதித்தான் போக முடியும், 18,000 கட்டிப் போக முடியாது. ‘ஒலிம்பியாட்’ என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ளலாம், தடுக்க ஆள் இல்லை.

இதைவிட எனக்குக் கவலை தருவது இன்னொன்று. இப்போது தமிழ்ப் பேச்சுப் பதிவுகளுக்கு நல்ல விலை இருக்கிறது. பேச்சைப் புரிந்துகொள்ளும் மென்பொருளுக்கு மணிக்கணக்கான குரல் வேண்டும், அதிலும் சிறார் குரல் கிடைப்பது அரிது. நான் பார்த்த ஒரு முகாமில் ‘புராஜெக்ட்’ என்ற பெயரில் பிள்ளைகளை நாள் முழுக்க ஹெட்போன் மாட்டி உட்காரவைத்து, திரையில் வரும் வாக்கியங்களைப் படிக்கவைத்தார்கள். அந்தப் பதிவு எங்கே போகிறது என்று கேட்டேன். “சர்வருக்கு” என்றார் ஒருங்கிணைப்பாளர். கட்டணமும் வாங்கிக்கொண்டு வேலையும் வாங்குகிறார்கள்! குரல் கொடுப்பது தப்பில்லை. அரசின் பாஷிணி என்ற மொழிபெயர்ப்புத் திட்டத்திலும் மொசில்லாவின் காமன் வாய்ஸ் என்ற குரல் சேகரிப்பிலும் எதற்கு என்று தெரிந்தே மக்கள் கொடுக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தைதான், பெற்றோர் சம்மதம் வேண்டும். ஆகவே விண்ணப்பத்தின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். ‘ஒலி, ஒளிப் பதிவுகளைப் பயன்படுத்த சம்மதிக்கிறேன்’ என்ற வரி இருந்தால் அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அடிக்கக்கூடாது என்றால் அந்த முகாம் வேண்டாம்.

உங்கள் மகளுக்கு இந்தக் கோடைக்கு நான் சொல்வது: உலக ஒலிம்பியாட்டின் பழைய மொழிப் புதிர்கள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. அவை கடினம். முதலில் பிரிட்டன் மொழியியல் ஒலிம்பியாட்டின் பழைய தாள்களில் ‘பிரேக்த்ரூ’ என்ற எளிய நிலையை எடுங்கள், அதுவும் இலவசம். தெரியாத மொழியில் சில வாக்கியங்கள், பக்கத்தில் பொருள். எது பெயர், எது வினை, பன்மை எப்படி வருகிறது என்று பென்சிலால் பிரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். முன்படிப்பு எதுவும் வேண்டாம். குறிப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும், முதல் சில நாள் பக்கத்தில் உட்காருங்கள். பிரவுசிங் சென்டரில் அச்செடுத்தால் நூறு ரூபாய்க்குள் முடியும். பிடித்துப்போனால் பாணினி தேர்வுக்குப் பதிவு எப்போது என்று அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள், நடுவில் யாரும் வேண்டாம்.

அனுப்ப வேண்டாம் என்று முடிவு செய்தால், முன்பணம் 3,000 பற்றி: ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஜிபே பதிவு போதும். முகாம் தொடங்கும் முன்பே, சேரவில்லை, பணத்தைத் திருப்புங்கள் என்று வாட்ஸப்பில் எழுத்தில் கேளுங்கள், போனில் பேசி விட்டுவிடாதீர்கள். பள்ளி வழியாக வந்தவர் என்பதால் தலைமையாசிரியருக்கும் ஒரு நகல் கொடுங்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.