தலைவனும் தச்சரும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். சில வருடங்களாக உங்கள் தளத்தைப் படித்துவருகிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை.

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஃப்ளோர் இன்சார்ஜாக இருக்கிறேன். பதினேழு வயதில் கைமடிக்கும் பையனாக உள்ளே வந்தவன். இன்று எனக்குக் கீழே நூற்றிருபது பேர். போன மாதம் எல்லா இன்சார்ஜுக்கும் ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்தார்கள். எனக்கு ‘பிறவித் தலைவர்’ என்று வந்தது. பலம்: உடனே முடிவெடுப்பது, ஆட்களை நம்பவைப்பது, நெருக்கடியில் கலங்காதது. பலவீனம்: பொறுமையின்மை, எதிர்ப்பேச்சைத் தாங்காதது. எம்.டி. எல்லார் முன்பும் கைகொடுத்தார்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தீபாவளிக்கு முன்னால் ஒரு ஷிப்மென்ட் அவசரம். செக்கிங்கில் ஒரு அக்கா, இருபது வருட சர்வீஸ், ஒரு பீஸைக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். “தம்பி, கழுத்து ரிப் ஷேட் மாறுதுங்க, லைனை நிறுத்துங்க” என்றார். கழுத்துப் பட்டியின் நிறம் துணியோடு ஒட்டவில்லை என்று அர்த்தம். மொத்த லைனும் பார்த்துக்கொண்டிருந்தது. “உங்க வேலை எதுவோ அதை மட்டும் பாருங்க” என்றேன். மறுநாள் அவரை வேறு செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டேன். கடைசியில் அவர் சொன்னதுதான் சரி என்று ஆனது. பேக்கிங் முடிந்த பெட்டிகளை விடியவிடியப் பிரித்தோம். ஷிப்மென்ட் எப்படியோ போய்விட்டது. ஆனால் அதன் பிறகு யாரும் என்னிடம் வந்து எதையும் சொல்வதில்லை. எது கேட்டாலும் “சரிங்க சார்” மட்டும்தான்.

இது பிறவியிலேயே வந்ததா ஐயா? பலத்தை வைத்துக்கொண்டு பலவீனத்தை மட்டும் எடுத்துவிட முடியுமா?

அன்புடன்,
ஒரு வாசகன், திருப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்தத் தாளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இம்மாதிரித் தேர்வுகள் பலவற்றுக்கு மூலம், கார்ல் யுங் 1921இல் முன்வைத்த மனவகைகள். அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸ் என்ற தாயும் இசபெல் மையர்ஸ் என்ற மகளும் அதைப் பதினாறு வகையாக விரித்து வினாத்தாள் ஆக்கினார்கள். இருவருமே உளவியலை முறையாகப் படித்தவர்கள் இல்லை. அதே ஆள் ஒரு மாதம் கழித்து எழுதினால் வேறு வகை வருவது சகஜம். அதை ஜாதகம்போல மடித்து வைத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தூக்கத்தைக் கெடுத்தது அந்தத் தாள் என்றும் நான் நினைக்கவில்லை. அந்த அக்கா கையில் பிடித்திருந்த பீஸ் உங்கள் கண்ணைவிட்டுப் போகவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் தென்துருவப் பயணி எர்னஸ்ட் ஷாக்கில்டன் நினைவுக்கு வந்தார். தலைமைப் பண்புப் பயிற்சி வகுப்புகளில் அவர் பெயரைச் சொல்லாதவர்கள் குறைவு. பெரும்பாலும் பாதிக் கதையைத்தான் சொல்வார்கள்.

அந்தப் பாதி உண்மையிலேயே பெரியது. தென்துருவக் கண்டத்தைக் குறுக்காகக் கடப்பதற்கு 1914 டிசம்பரில் தன்னையும் சேர்த்து 28 பேராகத் தெற்கு ஜார்ஜியாத் தீவிலிருந்து கிளம்பினார். 1915 ஜனவரியில் ‘எண்டியூரன்ஸ்’ கப்பல் வெட்டெல் கடலின் பனியில் இறுகிக்கொண்டது. அக்டோபரில் பனி நெருக்கிக் கப்பல் நொறுங்க, எல்லாரும் இறங்கினார்கள். நவம்பரில் அது மூழ்கியது. மிதக்கும் பனிப்பாளத்தின் மேல் கூடாரம் போட்டு, சீல் இறைச்சி தின்று, அடுத்த ஏப்ரல் வரை கிடந்தார்கள். பிறகு மூன்று படகுகளில் எலிஃபண்ட் தீவு. அங்கிருந்து ஷாக்கில்டன் உட்பட ஆறு பேர் ‘ஜேம்ஸ் கெயர்ட்’ என்ற படகில் உலகின் மிக மோசமான கடலில் 800 கடல்மைல் கடந்து தெற்கு ஜார்ஜியாவுக்கு வந்து உதவி கேட்டார்கள். 1916 ஆகஸ்ட் 30 அன்று, தீவில் விட்டுவந்த 22 பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

இதை எப்படிச் சாதித்தார் என்பதற்குப் பெரிய விளக்கம் வேண்டாம், சின்னச் சின்ன விஷயங்களைப் பார்த்தால் போதும். கப்பலை விட்டு இறங்கியபோது ரோமத்தோல் உறைப் படுக்கைகள் 18தான் இருந்தன, மற்ற 10 பேருக்குச் சாதாரணக் கம்பளிதான். சீட்டுக் குலுக்கினார்கள். ஷாக்கில்டனுக்கும் அதிகாரிகளுக்கும் வந்தது கம்பளி. குலுக்கலில் ஏதோ கோல்மால் நடந்திருக்கிறது என்று மாலுமிகளுக்கே புரிந்தது, நல்ல பக்கமாக நடந்த கோல்மால். எடையைக் குறைக்கத் தங்கக்காசுகளைப் பனியில் வீசி எறிந்தவர், குழுவிலிருந்த ஹஸ்ஸி என்பவரின் பாஞ்சோ வாத்தியத்தை மட்டும் விடக்கூடாது என்றார், மனம் செத்துப்போகாமல் இருக்க அது வேண்டும் என்று. முணுமுணுக்கக்கூடியவர்கள் யார் என்று கணித்து, அவர்களைத் தன் கூடாரத்திலேயே படுக்க வைத்துக்கொண்டார். படகில் ஒருவன் குளிரில் துவள்வதைக் கண்டால் அவனுக்கு மட்டும் பால் கொடுக்கச் சொல்லமாட்டார். எல்லாருக்கும் சூடான பால் என்பார். தன்னால்தான் அடுப்பு பற்றவைத்தார்கள் என்று அவன் கூச்சப்படக்கூடாது.

இது எந்த வகுப்பிலும் வராது. முகத்தைப் பார்த்தே உள்ளே இருப்பதைப் படிக்கும் கண் அது. உங்களிடமும் அதில் கொஞ்சம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கைமடிக்க வந்தவன் நூற்றிருபது பேரை நடத்தும் இடத்துக்கு வெறும் அதட்டலால் வந்துசேர முடியாது.

இனி மற்றப் பாதி.

‘ஒரு ஆளைக்கூட இழக்காதவர்’ என்று அவரைச் சொல்வார்கள். தவறு. அதே பயணத்தின் இன்னொரு குழு, கண்டத்தின் எதிர்ப்பக்கம் ராஸ் கடலில் இறங்கியது. ஷாக்கில்டன் குறுக்கே நடந்து வரும்போது சாப்பிட உணவு மூட்டைகளை வழிநெடுக வைப்பது அவர்கள் வேலை. அந்தக் குழுவுக்குப் போதிய பணம் இல்லை, ஏற்பாடு சரியில்லை. ஆஸ்திரேலியாவில் கையேந்தித்தான் பொருள் சேர்த்தார்கள். 1915 மே மாதம் புயலில் அவர்களுடைய கப்பல் நங்கூரம் அறுந்து போய்விட, பத்துப் பேர் கரையில் மாட்டிக்கொண்டார்கள். ஸ்கர்வி என்ற சத்துக்குறைவு நோயில் ஈறு வீங்கி, கால் கறுத்து, ஆனாலும் சொன்னபடி உணவை வைத்தார்கள். அதைத் தின்ன யாரும் வரவில்லை. ஸ்பென்சர்-ஸ்மித், மக்கின்டாஷ், ஹேவர்ட் என்ற மூவர் செத்தார்கள்.

மீதி ஏழு பேரைக் கூட்டிவர 1917 ஜனவரியில் போன கப்பலில் ஷாக்கில்டனும் இருந்தார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் தன் கூடாரத்தில் ஒருவன் இருமினால் எழுந்துவிடுகிற மனிதர், கண்ணுக்கு எட்டாத இடத்தில் இருந்தவர்களுக்கு வேண்டிய கணக்கையும் காசையும் சரிபார்க்காமல் விட்டிருந்தார். காகிதமும் பட்டியலும் அவருக்கு எப்போதும் சலிப்பு. 1914இல் கிளம்பும் முன்பே தெற்கு ஜார்ஜியாவில் திமிங்கில வேட்டைக்காரர்கள் இந்த வருடம் பனி மோசம் என்று எச்சரித்தார்கள். ஒரு மாதம் காத்திருந்துவிட்டு, போய்த்தான் பார்ப்போம் என்று கிளம்பினார்.

நான் உங்களிடம் சொல்ல வந்தது மெக்நிஷ் பற்றி. ஹாரி மெக்நிஷ், கப்பலின் தச்சர். ஸ்காட்லாந்துக்காரர், கரகரத்த ஆள், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். கப்பலில் அவருக்கு ஒரு பூனை இருந்தது. கப்பலை விட்டு இறங்கியபோது, தாக்குப்பிடிக்காது என்று ஷாக்கில்டன் அதைச் சுடச் சொன்னார். 1915 டிசம்பர் கடைசியில், இளகிய பனியில் படகுகளைத் தோளில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தபோது மெக்நிஷ் நின்றுவிட்டார். கப்பலே மூழ்கிவிட்ட பிறகு கப்பல் ஒப்பந்தம் எதற்கு, இனி இழுக்கமாட்டேன் என்றார். ஷாக்கில்டன் எல்லாரையும் கூட்டி ஒப்பந்தத்தை உரக்கப் படித்து அவரை அடக்கினார். அந்த நேரத்தில் அது தேவையாகவும் இருந்திருக்கலாம், ஒருவர் நின்றால் இருபது பேர் நிற்பார்கள். சில நாள்களிலேயே அந்த இழுவை பயனில்லை என்று ஷாக்கில்டனே கைவிட்டார். ஆனால் தச்சரை மறக்கமாட்டேன் என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

‘ஜேம்ஸ் கெயர்ட்’ அந்தக் கடலில் கவிழாமல் வந்ததற்குக் காரணம் மெக்நிஷின் கை. பனியில் இருந்தபோதே படகின் பக்கங்களை உயர்த்தினார். எலிஃபண்ட் தீவில் பெட்டி மூடிகளையும் பனிச்சறுக்கு வண்டிச் சட்டங்களையும் குறுக்கே அடித்து, விறைத்துப்போன கித்தானைக் கொழுப்பு அடுப்பின் மேல் காட்டி இளக்கி, மேலே தளம்போலத் தைக்கச் செய்தார். சந்துகளைச் சீல் ரத்தமும் வர்ணமும் கலந்து அடைத்தார். ஆறு பேரில் ஒருவராக அவரும் அந்தப் படகில் வந்தார். தெற்கு ஜார்ஜியாவின் மலையை ஷாக்கில்டன், கப்பல் கேப்டன் வொர்ஸ்லி, டாம் கிரீன் மூவரும் 36 மணி நேரத்தில் நடந்து கடந்தபோது அவர்கள் பூட்ஸ் வழுக்காமல் இருந்ததும் மெக்நிஷ் வேலைதான். அந்தப் படகிலிருந்தே திருகாணிகளைக் கழற்றிக் காலடியில் முடுக்கிக் கொடுத்தார்.

ஊர் திரும்பியதும் துருவப் பதக்கத்துக்குப் பெயர் கொடுக்கவேண்டியவர் ஷாக்கில்டன். நான்கு பேரை விட்டுவிட்டார். அதில் ஒருவர் மெக்நிஷ். கூட இருந்த மருத்துவர் மாக்லின், இது பெரிய அநியாயம் என்று பின்னாளில் எழுதினார். மெக்நிஷ் நியூசிலாந்தின் வெலிங்டனில் வறுமையில் கிடந்து 1930இல் இறந்தார். 2004இல் அவர் கல்லறை மேல் அந்தப் பூனைக்கு வெண்கலத்தில் ஒரு சிலை வைத்தார்கள். பதக்கம் இன்றுவரை வரவில்லை.

பலத்தை வைத்துக்கொண்டு பலவீனத்தை எடுக்க முடியுமா என்று கேட்டீர்கள். ஷாக்கில்டனைப் பார்க்கும்போது இரண்டும் இரண்டு பொருளாக எனக்குத் தெரியவில்லை. ஆட்களைத் தன் முகத்தால் கட்டி நிறுத்துகிறவருக்கு, ஒருவன் எல்லார் முன்பும் ‘இல்லை’ என்று சொல்வது வெறும் கருத்தாகத் தெரியாது. கட்டே அவிழ்வதுபோல இருக்கும். அதனால்தான் அடி அவ்வளவு வேகமாக விழுகிறது. அந்த நேரத்துப் பதற்றத்தை உங்களால் முழுக்க நிறுத்த முடியும் என்று நான் சொல்லமாட்டேன். மறுநாள் என்ன செய்கிறோம் என்பது மட்டும் முழுக்க நம் கையில் இருக்கிறது. ஷாக்கில்டனுக்கு அந்த மறுநாள் வருடக்கணக்கில் கிடைத்தது. படகு, திருகாணி எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த பிறகும் பெயர்ப் பட்டியலில் கை நகரவில்லை. பனியில் அவர் தச்சரை அடக்கியதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பதக்கத்தை மறுத்ததைப் பல வருடமாக யோசித்தும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் பகுதிக் கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் சாப்பாட்டு விநியோகத்தை நான்தான் நடத்தினேன். சொன்னதை எல்லாரும் கேட்டார்கள், அது எனக்குப் பிடித்தும் இருந்தது. பால் பாக்கெட் தூக்கிவந்த ஒரு பையன், “சார், கால்வாய்ப் பக்கம் ரெண்டு மாடியில ஆளு இருக்காங்க, யாரும் போகல” என்றான். பட்டியல் என் கையில் இருந்தது, அதில் அந்த வீடுகள் இல்லை. “நீ பாலை இறக்கு, நான் பாத்துக்கறேன்” என்றேன். மறுநாள் மதியம் போனபோது ஒரு வயதான தம்பதி, இரண்டு நாளாக பிஸ்கட்டும் மழைத்தண்ணீரும். அந்தப் பையனிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு அவன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

உங்களுக்கு அந்தத் தடை இல்லை. அந்த அக்கா அதே கூரையின் கீழ்தான் இருக்கிறார். தனியாகக் கூப்பிட்டு, டீ வாங்கிக்கொடுத்து, சாரி சொல்லிவிட்டு வராதீர்கள். நீங்கள் பேசியது லைன் முன்னால், அதனால் திருப்பிச் சொல்வதும் லைன் முன்னால்தான் இருக்க வேண்டும். “அன்னைக்கு ஷேட் மாறுதுன்னு நீங்க சொன்னது சரிங்க அக்கா, நான் நிறுத்தியிருக்கணும்” என்ற ஒரு வாக்கியம் போதும், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். உடனே யாரும் வாயைத் திறந்துவிட மாட்டார்கள். மாதக்கணக்காகும். முதலில் வருவது ஊசி உடைந்தது, நூல் தீர்ந்தது போன்ற சின்ன விஷயமாக இருக்கும். அதைக் காதுகொடுத்துக் கேளுங்கள், லைன் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அவரை மாற்றினேன் என்று எழுதியிருக்கிறீர்கள், எந்த செக்‌ஷனுக்கு என்று எழுதவில்லை. இருபது வருடம் ஷேட் பார்த்த கண் இப்போது எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது?

அன்புடன்.