முழங்காலுக்குச் சோடியம் காயில்: கேள்வி பதில்

எம்ஆர்ஐ காயில், அதாவது உடம்பிலிருந்து வரும் ரேடியோ சிக்னலை வாங்கும் கம்பிச் சுருள், செய்வது என் வேலை. மருத்துவம் என் துறை இல்லை. அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

திருப்பரங்குன்றம், இசிஇ மாணவி: சார், சாதாரண எம்ஆர்ஐயே முழங்காலை நல்லாக் காட்டுதே. சோடியத்தைத் தனியா ஏன் பார்க்கணும்?

சாதாரண எம்ஆர்ஐ காட்டுவது தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள புரோட்டானை. குருத்தெலும்பு தேய்ந்து மெலிந்த பிறகு அது தெளிவாகத் தெரியும். ஆனால் மெலிவதற்கு முன்பே உள்ளே ஒன்று நடந்துவிடுகிறது. குருத்தெலும்பின் கிளைக்கோசமினோகிளைக்கன் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் எதிர் மின்சுமை கொண்டவை. அந்தச் சுமையைச் சமன்செய்யத்தான் சோடியம் அயனிகள் அங்கே குவிகின்றன. நல்ல குருத்தெலும்பில் லிட்டருக்குச் சுமார் 250 முதல் 350 மில்லிமோல், பக்கத்து மூட்டுத் திரவத்தில் 150 அளவுதான். சங்கிலிகள் சிதைந்தால் சோடியமும் குறையும். மெலிவு தெரியுமுன் அதை அளக்கலாம் என்பதுதான் இதன் மதிப்பு.

சிரமம் சிக்னலில். ஒரே எண்ணிக்கையில் அணுக்கரு இருந்தாலும் சோடியத்தின் உணர்திறன் புரோட்டானில் 9 சதவீதம்தான். உடம்பில் அதன் அளவோ பல நூறு மடங்கு குறைவு. போதாக்குறைக்கு, குருத்தெலும்பில் சிக்னலின் பெரும்பகுதி ஓரிரு மில்லிசெகண்டில் மறைந்துவிடும். அதனால் சோடியம் பக்கம் ஒரு துளி சிக்னலையும் வீணாக்காத காயில் வேண்டும். புரோட்டானில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், சோடியத்தில் கூடாது. என் வடிவமைப்பு முழுக்க இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. அதில் புரோட்டானுக்கு ஒரு லூப், சோடியத்துக்கு ஒரு லூப், அதாவது கம்பி வளையம். சோடியம் லூப்பில் ஒரு டிராப் வைக்கச் சொல்கிறேன்; புரோட்டான் அதிர்வெண்ணைத் தடுக்கும் சின்னச் சுற்று அது.

மேலூர், ஸ்கேன் சென்டர் டெக்னீஷியன்: எங்க 1.5 டெஸ்லா மெஷின்ல இந்தக் காயிலை மாட்டினாப் போதுமா?

போதாது. உங்கள் மெஷினின் ஆம்ப்ளிஃபயரும் ரிசீவரும் புரோட்டானின் 64 மெகாஹெர்ட்ஸுக்கானவை. சோடியம் அங்கே 16.9-இல் இருக்கிறது. பல அணுக்கருக்களுக்கான வசதி மெஷினிலேயே இருக்க வேண்டும்.

வாடிப்பட்டி: அம்மாவுக்கு ரெண்டு வருஷமா மூட்டு வலி. சோடியம் ஸ்கேன் எடுத்தா நல்லதா?

எலும்பு மூட்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். பரிசோதனையும் எக்ஸ்ரேயும்தான் முதலில். சோடியம் படம் இன்னும் ஆராய்ச்சிக் கருவி. அதை எடுப்பதால் அம்மாவின் சிகிச்சை மாறப்போவதில்லை.

கோரிப்பாளையம், ஹாம் ரேடியோ ஆர்வலர்: அண்ணே, காயிலை டியூன் பண்ண எவ்வளவு கபாசிட்டர் வேணும்? என்கிட்ட பழைய போர்டுல கழட்டினது நிறையக் கிடக்கு.

3 டெஸ்லாவில் புரோட்டான் 127.7 மெகாஹெர்ட்ஸ், சோடியம் 33.8. ஒரு லூப்பின் இண்டக்டன்ஸ் 250 நானோஹென்றி என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோட்டானுக்கு மொத்தம் 6 பிகோஃபாரட் போதும், சோடியத்துக்கு 89 வேண்டும். அதை லூப்பைச் சுற்றித் துண்டு துண்டாகப் பிரித்து வையுங்கள், ஒரே இடத்தில் மின்னழுத்தம் குவியாது.

பழைய போர்டில் கழட்டியது வேண்டாம். முனையில் நிக்கல் பூசியிருந்தால் காந்தப் புலத்தைக் கெடுக்கும், படம் நெளியும். சின்னக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். இழுத்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். இன்னொன்று: வீட்டில் செய்த காயிலை யார் முழங்காலிலும் வைக்காதீர்கள்.

உசிலம்பட்டி: சாப்பாட்டுல உப்பைக் குறைச்சா படம் மாறுமா?

மாறாது. குருத்தெலும்பின் சோடியத்தை நிர்ணயிப்பது அதன் மின்சுமை.

திருநகர், ஆராய்ச்சி மாணவர்: சார், சோடியம் லூப்பில் டிராப் வைக்கச் சொல்றீங்க. டிராப் என்றாலே இழப்பு. சோடியத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு நீங்களே சொல்லிட்டு இது எப்படி?

நல்ல கேள்வி தம்பி. கணக்காகவே பார்ப்போம். க்யூ என்பது லூப்பில் இழப்பு எவ்வளவு குறைவு என்பதன் அளவு. டிராப் இல்லாத சோடியம் லூப்பின் க்யூ வெறுமையில் 240, முழங்கால் வைத்தால் 80 என்று கொள்வோம். டிராப் வைத்ததும் அவை 180, 72 ஆகின்றன. சிக்னல்-இரைச்சல் விகிதத்தில் இழப்பு சுமார் 5 சதவீதம். டிராப்பின் இண்டக்டன்ஸைச் சிறிதாக வைத்தால் அதுவும் குறையும், ஆனால் 127.7-ஐத் தடுக்கும் வலுவும் கூடவே குறையும். எங்கே நிறுத்துவது என்பதை சோதனை மேசையில் அளந்துதான் முடிவு செய்ய வேண்டும்.

அதே மாணவர்: அந்த 5 சதவீதமும் ஏன் போகணும்? புரோட்டான் லூப்பில் கபாசிட்டர் 6 பிகோஃபாரட்தான், 33.8-இல் அது கிட்டத்தட்ட திறந்த சுற்று. சோடியத்தைத் தொந்தரவு செய்யாது. கெடுவது புரோட்டான் மட்டும்னா கெடட்டுமே!

நீங்கள் சொல்லும் இயற்பியல் சரி. புரோட்டான் அதிர்வெண்ணில் சோடியம் லூப் வெறும் இண்டக்டராகி எதிர்மின்னோட்டம் ஓடவிடும், அதனால் நட்டம் புரோட்டானுக்குத்தான். சிக்னல் மட்டும் குறைந்தால் நானும் விட்டுவிடுவேன். ஆனால் புரோட்டானுக்கான ரேடியோ அலையை மெஷினுக்குள்ளேயே இருக்கும் பெரிய பாடி காயில் அனுப்பும்போது அந்த மின்னோட்டம் ரேடியோப் புலத்தின் பரவலைக் கோணலாக்கும், கண்டக்டர் அருகே சூட்டையும் ஏற்றும். அங்கே இருப்பது ஒருவரின் தோல். அந்த 5 சதவீதம் பாதுகாப்புக்கான விலை. இன்னொன்று: சோடியம் படத்தின் ஒரு வாக்ஸல், அதாவது படத்தின் மிகச் சிறிய கட்டம், சில மில்லிமீட்டர், குருத்தெலும்பின் தடிமனும் அவ்வளவுதான். எல்லையை வரைய நல்ல புரோட்டான் படம் இல்லாவிட்டால் நீங்கள் அளக்கும் சோடியம் திரவத்தோடு கலந்துவிடும்.

அதே மாணவர்: புரோட்டானை பட்டர்ஃபிளை வடிவில் செய்து வடிவியலாலேயே பிரிச்சா?

அதற்கு ஒப்புக்கொள்கிறேன். இரண்டின் புலமும் செங்குத்தாக இருந்தால் லூப்புகளுக்கு இடையே பிணைப்பு வெகுவாகக் குறையும். ஆனால் பாடி காயில் அனுப்பும் புலம் சோடியம் லூப் வழியாகப் போவதை அது தடுக்காது. புரோட்டான் அலையை உங்கள் காயிலே அனுப்பி வாங்கினால் உங்கள் வழி நல்ல வழி. செய்து அளந்து எனக்கு எழுதுங்கள்.

திருமங்கலம்: மூட்டு வலிக்கு இந்த ஸ்கேன் எங்கே எடுக்கலாம்?

வாடிப்பட்டிக்காரருக்குச் சொன்ன பதில்தான்.

கே.கே.நகர்: காயில் ரெடி. என் முழங்காலில்தானே வைக்கப்போறேன், அதுக்குமா தடை?

அதுக்கும்தான். சுவிட்ச் போல வேலை செய்யும் PIN டயோடால் டியூனைக் கலைக்கும் சுற்று, ஃப்யூஸ், சூட்டுச் சோதனை, நெறிமுறைக் குழுவின் அனுமதி எதுவும் இல்லாமல் யாரும் படுக்கக் கூடாது. உங்கள் முழங்காலும் முழங்கால்தான்.

அனுப்பானடி, இயற்பியல் விரிவுரையாளர்: சோதனைக்கு என்ன வைக்கலாம்?

மருந்துக்கடை நார்மல் சலைன் பாட்டில் போதும். 0.9 சதவீதம், அதாவது 154 மில்லிமோல். முதல் சிக்னலைத் தேட அதுவே நல்லது. அளவீட்டுக்கு வந்த பிறகு 4 சதவீத அகாரில் (கடல்பாசி ஜெல்லி) 150, 200, 250, 300 மில்லிமோல் உப்பு கலந்து குழாய்களில் ஊற்றுங்கள். 150-க்கு லிட்டருக்கு 8.8 கிராம். அகாரில் சிக்னல் சீக்கிரம் மறையும் என்பதால் குருத்தெலும்புக்குக் கொஞ்சம் நெருங்கி வரும். காற்றுக்குமிழி இல்லாமல் ஊற்றி, வாயை இறுக்கி அடையுங்கள். தண்ணீர் ஆவியானால் செறிவு ஏறிவிடும்.