வாசகர் கேள்வி பதில்: காரில் ஒரு நாள், ஸ்ட்ராஸ்பூர் வரை

கேள்வி: கரூரில் பெட்ஷீட், டவல் ஏற்றுமதி செய்கிறேன். ஜனவரியில் ஃபிராங்க்ஃபர்ட் ஜவுளிக் கண்காட்சி முடிந்ததும் ஸ்டுட்கார்ட்டில் இருக்கும் கல்லூரி நண்பன் வீட்டில் இரண்டு நாள் தங்கல். ஒரு நாள் அவன் காரிலேயே பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பூர் போய்வரலாம் என்கிறான். எனக்கு ஜெர்மனி விசாதான் இருக்கிறது, போகலாமுங்களா? (வாசகர், கரூர்)

பதில்: தாராளமாகப் போகலாமுங்க. உங்கள் கையில் இருப்பது ஐரோப்பாவில் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா, பிரான்ஸுக்கும் அதுவே செல்லும். தூரம் 150 கிலோமீட்டர் சொச்சம், கோயமுத்தூரிலிருந்து சேலம் போகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பாஸ்போர்ட் சட்டைப்பையில் இருக்கவேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் திரும்ப சோதனை வைத்திருக்கிறது, எல்லாரையும் நிறுத்தமாட்டார்கள், நிறுத்தினால் நம் முகத்தைத்தான் முதலில் நிறுத்துவார்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. போன வருசம் நானும் என் நண்பனும் இதே பாதையில் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். கார்ல்ஸ்ரூ பக்கம் வந்து டீ குடிக்க நிறுத்தியபோதுதான், "பாஸ்போர்ட் எடுத்துட்டயாடா?" என்று கேட்டான். "பெட்டிக்குள்ள பத்திரமா இருக்குதுடா" என்றேன். பெட்டி அவன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில். ஒரு நிமிசம் என்னையே பார்த்தான், "போச்சாது போ" என்று காரைத் திருப்பினான். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அதனால் என்ன போனது என்பதை அப்புறம் சொல்கிறேன்.

இன்னொன்று, காரை ஊருக்குள் கொண்டுபோகாதீர்கள். ஸ்ட்ராஸ்பூருக்குள் நுழைகிற வண்டியில் பிரான்ஸ் அரசின் புகை அளவு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கவேண்டும், ஜெர்மனியில் ஒட்டுகிற பச்சை ஸ்டிக்கர் அங்கே செல்லாது. விலை சில யூரோதான், தபாலில் வர நாளாகும். நாங்கள் செய்தது இதுதான்: ரைன் ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஜெர்மனியின் கடைசி ஊரான கேலில் காரை நிறுத்திவிட்டு டிராம் ஏறினோம். 2017லிருந்து அந்த டிராம் பாலம் தாண்டிப் போகிறது. நம் வாளையாறு தாண்டினதும் கடைப் பலகை மலையாளத்துக்கு மாறுமே, அதே மாதிரி பாலம் தாண்டினதும் பிரெஞ்சு. பழைய தெருக்களில் பிரெஞ்சுப் பெயருக்கு அடியிலேயே அந்த வட்டாரத்து அல்சேசிய மொழியிலும் பெயர் எழுதியிருக்கும், காதுக்கு ஜெர்மன் மாதிரிதான் கேட்கும். இந்த ஊரை 1871ல் ஜெர்மனி எடுத்தது, 1918ல் பிரான்ஸ், 1940ல் திரும்ப ஜெர்மனி, 1944 கடைசியில் பிரான்ஸ். வீட்டை விட்டு நகராத ஒரு கிழவி நாலு தடவை நாடு மாறியிருப்பாள்.

கேள்வி: ஐரோப்பாவில் நாமே கார் ஓட்டலாமா? நம் லைசென்ஸ் செல்லுமா? (வாசகர், பெருந்துறை)

பதில்: செல்லும், கூடவே ஆர்டிஓ ஆபீஸில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும். நண்பனின் கார் என்றால் அதன் இன்சூரன்ஸ் உங்களையும் சேர்த்துக்கொள்கிறதா என்று முதலில் கேளுங்கள், வாடகைக் கார் என்றால் எல்லை தாண்ட அனுமதி உண்டா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், பனிக்காலத்தில் முதல் தடவையாக வேண்டாம் என்பது என் கட்சி. நான் ஒரு காலி பார்க்கிங்கில் ஓட்டிப் பார்த்தேன். அங்கே இண்டிகேட்டர் இடது கைப் பக்கம், நமக்குப் பழக்கம் வலது கை. ஒவ்வொரு திருப்பத்திலும் காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கரகரவென்று ஓடியது. நண்பன் சாவியைப் பிடுங்கிக்கொண்டான்.

ஆட்டோபான் என்கிற ஜெர்மன் விரைவுச்சாலையில் வேகக் கட்டுப்பாடே இல்லை என்பார்கள், சில நீட்டங்களில்தான் அப்படி, அங்கேயும் பரிந்துரை 130. இடது ஓரத் தடம் முந்துவதற்கு மட்டும், நம்மூரில் போல அதிலேயே குடியிருந்தால் பின்னால் லைட் அடிப்பார்கள். வண்டிகள் தேங்கி நின்றால் இடது தடத்தார் இடதுபக்கமும் மற்றவர் வலதுபக்கமும் ஒதுங்கி நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழி விடவேண்டும், சத்தம் கேட்ட பிறகு அல்ல, வண்டி தேங்கத் தொடங்கும்போதே.

கேள்வி: அங்கே ஒரு நாளில் என்ன பார்ப்பது? (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

பதில்: இரண்டே இடம். ஒன்று தேவாலயம். இளஞ்சிவப்பு மணற்கல்லில் 142 மீட்டர், ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1874 வரை இருநூறு வருசத்துக்கு மேல் உலகத்திலேயே உயரமான கட்டடம் அதுதான். ஜோடிக் கோபுரத்தில் ஒன்றைக் கட்டவேயில்லை, ஒற்றைக் கொம்பு மாடு மாதிரி நிற்கும். உள்ளே ஒரு வானியல் கடிகாரம், இப்போது ஓடும் இயந்திரம் 1843ல் முடிந்தது. பகல் 12:30க்கு இயேசுவின் முன்னால் சீடர் பொம்மைகள் வரிசையாகப் போகும், மேலே இருக்கிற சேவல் மூன்று தடவை சிறகடித்துக் கூவும். நாங்கள் போய்ச் சேர்ந்தது பன்னிரண்டே முக்கால். கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் இருந்த பாஸ்போர்ட்டின் வேலை அது.

இரண்டாவது, பெத்தீத் பிரான்ஸ் என்கிற பழைய தோல்காரர் பேட்டை. ஆற்றங்கரையில் மரச்சட்டம் போட்ட வீடுகள். கூரையை அண்ணாந்து பாருங்கள், சரிவான கூரையில் வரிசை வரிசையாகத் திறப்புகள் இருக்கும். தோலைத் தொங்கவிட்டுக் காற்றில் உலர்த்த விட்ட வழி. ஈரோட்டுத் தோல் ஷாப் வாசம் தெரிந்தவருக்கு, இந்த அழகான கால்வாய் ஒரு காலத்தில் எப்படி நாறியிருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. இன்றைக்கு அங்கே ஜன்னலுக்கு ஜன்னல் பூந்தொட்டி.

கேள்வி: நாங்கள் சைவம். சாப்பாட்டுக்கு? (வாசகி, தாராபுரம்)

பதில்: அந்த ஊர்ப் பலகாரம் தார்த் ஃப்ளாம்பே. காகிதம் மாதிரி மெல்லிய மாவு, மேலே க்ரீம், வெங்காயம், அதோடு பன்றிக்கறித் துண்டு. "சான் லார்தோன்" என்றால் கறி இல்லாமல் தருவார்கள், பரிமாறும்போதும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு நண்பனின் மனைவி கட்டிக்கொடுத்த புளிச்சோறு இருந்தது. தோல்காரர் வீடுகளுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்து பிரித்தோம், குளிரில் எண்ணெய் உறைந்து சோறு கட்டி கட்டியாக வந்தது, கையுறையைக் கழற்றவும் மனசில்லை, ஸ்பூனும் கொண்டுபோகவில்லை. நீங்கள் ஸ்பூன் எடுத்துப் போங்கள்.