சென்னையில் கிரைம், கோர்ட் நிருபராக இருப்பதில் அப்படி என்ன திருப்தி?

ராத்திரி பகல் பார்க்காத வேலை, தினமும் யாரோ ஒருவர் அழுவதைப் பார்க்க வேண்டும், இதில் என்ன திருப்தி என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரு வழக்கின் முடிவை எழுதும்போது கிடைக்கிறது.

கைது செய்தி எல்லாருக்கும் வந்துவிடும். வேப்பேரி கமிஷனர் ஆபீஸ் பிரஸ் நோட் சாயங்காலத்துக்குள் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றும். அந்த ஆள் பிறகு என்ன ஆனார் என்பது எழும்பூரிலோ ஜார்ஜ் டவுனிலோ ஏதோ ஒரு கோர்ட் ஹாலில், கேட்க ஆளில்லாத மத்தியானத்தில் முடிவாகும். போலீஸ் ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டரையும் கோர்ட்டில் வழக்குக் கட்டுகளைப் பார்த்துக்கொள்ளும் பெஞ்ச் கிளார்க்கையும் விடாமல் விசாரித்துக்கொண்டே இருந்தால்தான் அந்தத் தேதி நமக்குத் தெரியவரும்.

வடசென்னை ஆட்டோ டிரைவர் ஒருவர் செயின் பறிப்பு வழக்கில் கைதானார். பேப்பரில் படம் வந்தது. பல வாய்தாவுக்குப் பிறகு, செயினைப் பறிகொடுத்த அம்மாவே சாட்சிக் கூண்டில் ஏறினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு டிரைவரை நன்றாகப் பார்த்தார். "இந்தத் தம்பி இல்லீங்கய்யா" என்றார். அரசு வக்கீல் எப்படி எப்படியோ கேட்டும் அந்த அம்மா மாறவில்லை. ஹாலில் நிருபர் என்று இருந்தது நான் மட்டும்தான். விடுதலை ஆனதும் நாலு பத்தி எழுதினேன். கைதுக்குக் கிடைத்த இடம் விடுதலைக்கு லேசில் கிடைக்காது, ஆபீஸில் செய்தியைத் திருத்திப் பக்கத்தில் போடும் டெஸ்க்கோடு மல்லுக்கட்டித்தான் வாங்கினேன். அந்த டிரைவர் அந்தச் செய்தியை லேமினேட் பண்ணி வண்டியில் வைத்திருக்கிறார். வாடகைக்கு வீடு கேட்கப் போனபோது அதைத்தான் எடுத்துக் காட்டினாராம்.

ஐகோர்ட்டில் இன்னொரு விதம். குண்டர் சட்டத்தில் போட்டால் 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். அதை எதிர்த்து, உள்ளே இருப்பவரை விடுவிக்கக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போடுவது பெரும்பாலும் அம்மாவோ மனைவியோதான். வாதமெல்லாம் இங்கிலீஷில் நடக்கும். வெளியே வந்ததும் "ஜட்ஜய்யா என்னப்பா சொன்னாரு?" என்று நம் கையைப் பிடிப்பார்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரி இரண்டு வரியில் சொல்லிவிட்டால், அன்றைய செய்தியின் முதல் பத்தி எனக்குக் கிடைத்துவிடும்.

படிக்கவும் நிறைய இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் கொலைக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவு போய், புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 103 வந்துவிட்டது. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய பிரிவுதான். அதனால் இரண்டு சட்டமும் தெரிந்திருக்க வேண்டும்.

எழுதாமல் விடுவதிலும் ஒரு நிறைவு உண்டு. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்கில் குழந்தையின் பெயர், பள்ளி, வீடு எதுவும் வெளியே தெரியக்கூடாது என்பது சட்டம். நான் தெருப் பெயரையும், அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்பதையும்கூட எடுத்துவிடுவேன். அக்கம்பக்கத்தில் ஆளைக் கண்டுபிடிக்க அது ஒன்றே போதும்.

இந்த வேலைக்கு வர யோசிக்கிறீர்கள் என்றால், முதலில் ஒரு வாரம் சைதாப்பேட்டை கோர்ட்டில் போய் உட்காருங்கள். மூடிய அறை விசாரணை தவிர மற்றதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். காலையில் வழக்குகளைக் கூப்பிடுவதற்கு முன்பே போய்விடுங்கள். கோர்ட் ஊழியரான டவாலி பெயர் கூப்பிடும் வேகம் காதுக்குப் பழகவே சில நாள் ஆகும்.